முப்பத்தொன்றாம் எண் பம்ப்

ஜூன் 4

விற்பனையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன டைரி ஜனவரியிலிருந்து மேஜையில் கிடந்தது. பாதி வருடம் போன பிறகு எழுத உட்காருகிறேன். நான் எதையும் உரிய நேரத்தில் தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இன்று கோமதியின் சித்தப்பா போன் செய்தார். போர்வெல் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையாம், "மாப்ள, பம்ப் உங்க டிப்பார்ட்மெண்டுதானுங்களே, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றார். உடுமலையில் பம்ப் என்றால் கிணற்றில் இருப்பதுதான். நான் இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் மருத்துவக் கருவிப் பொறியாளன் என்றும், என் பம்ப் கையகலப் பெட்டி என்றும், பாட்டில் மருந்து நரம்புக்குள் மணிக்கு இத்தனை மில்லி போகவேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும் என்றும் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறேன். "அப்ப அதுலயும் மோட்டார் இருக்குமல்ல" என்றார். இருக்கிறது, ஒப்புக்கொண்டேன்.

அப்படிப்பட்ட பம்ப் அறுபது வாங்கப் போகிறோம். எந்தக் கம்பெனி என்று சொல்லவேண்டிய பொறுப்பு என்னுடையது. இரண்டு கம்பெனிகள் மாதிரிக்கு இரண்டிரண்டு கொடுத்திருக்கின்றன. பெண்கள் வார்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19

பெண்கள் வார்டின் மூத்த செவிலியர் ஞானசௌந்தரி சிஸ்டர், இருபத்தோரு வருட அனுபவம். கருத்துப் படிவத்தைக் கொடுத்தால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரில் வந்து சொல்லும் ரகம்.

முதல் கம்பெனி பம்ப்தான் நல்லது என்றார். அதற்கென்று தனிக் குழாய் வருகிறது, வேறு குழாய் போட்டால் கதவே மூடாது. தப்புப் பண்ண வழியில்லை. எத்தனை மில்லி வைத்தோம், எப்போது வைத்தோம் என்பதும் அதன் நினைவில் நிற்கும். இரண்டாவது கம்பெனியுடையதில் எந்தக் குழாயும் நுழையும். அணைத்தால் எல்லாம் மறந்துபோகும்.

நான் இரண்டாவதன் பக்கம். எந்தக் குழாயும் போடலாம் என்பதே அதன் சிறப்பு. தனிக் குழாய் தீர்ந்துபோனால் பம்ப் பொம்மைதான். குழாய் மாறினால் ஒவ்வொரு பம்பையும் அந்தக் குழாய்க்கு ஏற்ப மறுபடி அளவு திருத்தவேண்டும், அவ்வளவுதானே. திருத்த நான் இருக்கிறேன்.

ஜூன் 27

கொள்முதல் கமிட்டி. ஞானசௌந்தரி சிஸ்டரின் கருத்தை இயக்குநர் டாக்டர் கிருஷ்ணகுமாரிடம் சொன்னேன், சுருக்கமாக. செவிலியர்களுக்குப் பழகியது பிடிக்கும், புதியது பிடிக்காது என்று நானே விளக்கமும் சேர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது கம்பெனி முடிவாயிற்று.

ஜூலை 22

அறுபதும் வந்துவிட்டன. ஒன்று முதல் அறுபது வரை எண் ஒட்டினேன். பச்சைப் பெட்டியில் வரும் குழாய்தான் இப்போது ஸ்டோரில் இருக்கிறது. கம்பெனி ஆள் இரண்டு பேர் ஒரு வாரம் தங்கி எல்லாவற்றையும் அதற்கேற்ப அளவு திருத்திக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 6

இன்று பெண்கள் வார்டுக்குப் போனால், எல்லா பாட்டிலிலும் மேலிருந்து கீழாக வெள்ளை பிளாஸ்திரி. அதில் பேனாவால் எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி என்று கோடுகள். பம்ப் வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம். எந்த மணிக்கு மருந்து எந்தக் கோட்டுக்கு இறங்கியிருக்கவேண்டும் என்று பார்ப்பதற்காம். லட்சக்கணக்கில் கருவி வாங்கி வைத்துவிட்டு அதன் தலைமேல் பிளாஸ்திரி.

ஞானசௌந்தரி சிஸ்டரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. "மெசினு என்ன சொல்லுதுன்னு அது சொல்லுது. பாட்டிலு என்ன சொல்லுதுன்னு நாம்ப பாத்துக்கோணும் சார்" என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவிகள் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 7

சுற்றறிக்கை அனுப்பினேன். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டக்கூடாது. சென்ற அளவைத் திரையில் மட்டுமே பார்த்துக் குறிக்கவேண்டும். அடுத்த மாதம் தரச்சான்று ஆய்வுக் குழு வருகிறது, வார்டுகள் சுத்தமாகத் தெரியவேண்டும் என்றும் ஒரு வரி. இயக்குநர் உடனே கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 3

ஸ்டோர் கனகசபை வந்து பச்சைப் பெட்டி கிடைப்பதில்லை, இனிமேல் நீலப் பெட்டிதான் என்றார். சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்ட நிம்மதியுடன் போய்விட்டார்.

நீலப் பெட்டிக் குழாயைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பச்சையைவிட மிருது. பம்புக்குள் வரிசையாக இருக்கும் சிறு விரல்கள் குழாயை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தித்தான் மருந்தைத் தள்ளுகின்றன. குழாய் மாறினால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் போகும் அளவும் மாறும். அறுபதையும் திருத்தவேண்டும்.

செப்டம்பர் 5

வேலை எளிது, நேரம்தான் தின்கிறது. மணிக்கு அறுபது மில்லி என்று வைத்து, அளவுக் குடுவையில் ஒரு மணி நேரம் விழவிட்டு, எவ்வளவு என்று பார்த்து, வித்தியாசத்தைத் திருத்தி, மறுபடி விழவிட்டுப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைப் பிடுங்கி வரவும் முடியாது. இன்று மூன்று முடிந்தது.

செப்டம்பர் 20

இருபத்திரண்டு முடிந்தது. நடுவில் ஸ்கேன் மெஷின் படுத்துவிட்டது, ஆக்சிஜன் லைனில் கசிவு, ஆய்வுக் குழுவுக்கான கோப்புகள். வீட்டில் சாப்பாடு ஆறிப்போய்த்தான் சாப்பிடுகிறேன்.

செப்டம்பர் 24

அறுபது பம்புகளிலும் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. 'அளவு சரிபார்க்கப்பட்டது. அடுத்த தேதி மார்ச் 24.' கீழே என் கையெழுத்து. அறுபது முறை போட்டதில் கை வலிக்கிறது.

செப்டம்பர் 27

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. குழுவிலிருந்த அம்மாள் பெண்கள் வார்டில் ஒரு பம்பைத் திருப்பிப் பார்த்து, ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் கவனித்துவிட்டு நகர்ந்தார். பாராட்டுக் கூட்டத்தில் மைசூர்பாகு. மீதி பம்புகளை நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

அக்டோபர் 10

உணவு இடைவேளையில் ஞானசௌந்தரி சிஸ்டர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். முப்பத்தொன்று கொஞ்சம் வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாட்டில் சீக்கிரம் தீர்கிறது என்றார். பிளாஸ்திரி ஒட்டினீர்களா என்றேன். இல்லை, கண்ணால் பார்த்ததுதான் என்றார். கண்ணால் பார்ப்பதற்கெல்லாம் பம்பைக் கழற்ற முடியாது, நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன் என்றேன். சரிங்க சார் என்று போய்விட்டார்.

முப்பத்தொன்று நான் திருத்தின இருபத்திரண்டில் இருக்கிறதா என்று நோட்டைப் பார்க்க நினைத்தேன். அதற்குள் போன் வந்தது.

அக்டோபர் 18

பெண்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு வலிப்பு. வேலாத்தாள், வயது அறுபத்தொன்று, மூச்சிரைப்புக்காக நான்கு நாட்களாக இருந்தவர். காலை ஏழரைக்கு ஞானசௌந்தரி சிஸ்டர் மருந்து பாட்டிலை மாட்டியிருக்கிறார். மணிக்கு முப்பது மில்லி. ஐந்நூறு மில்லி பாட்டில் நள்ளிரவு வரை வரவேண்டும். மாலை ஷிப்டுக்கு வந்தவர் ஏழரைக்குப் பார்த்தபோது பாட்டில் காலி. அந்த மருந்து கொஞ்சம் கூடினாலும் இதயம் தாறுமாறாகத் துடிக்குமாம். வாந்தி, அப்புறம் வலிப்பு. இப்போது தீவிர சிகிச்சையில் செயற்கை சுவாசம்.

பம்பை அணைத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். அணைத்ததால் எத்தனை வைத்திருந்தது என்பது போய்விட்டது. முப்பத்தொன்றாம் எண்.

அக்டோபர் 19

காலை ஆறு மணிக்கே வந்துவிட்டேன். நீலப் பெட்டிக் குழாயைப் போட்டு, மணிக்கு அறுபது என்று வைத்து, குடுவையின் முன்னால் உட்கார்ந்தேன். அரை மணியில் முப்பது விழவேண்டும். நாற்பத்திரண்டு. ஒரு மணியில் எண்பத்து நான்கு.

குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். எண்பத்து நான்கு.

நோட்டில் அந்த இருபத்திரண்டு எண்களைப் படித்தேன். முப்பத்தொன்று அதில் இல்லை. பம்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 20

இயக்குநர் என்னிடம் எழுத்துமூலமாகக் கேட்டார்: பம்ப் சரியான நிலையில் இருந்ததா? நான் எழுதிக் கொடுத்தது: 'மேற்படி பம்பில் அளவு சரிபார்ப்புச் சான்று ஒட்டப்பட்டுள்ளது. அது மார்ச் 24 வரை செல்லும்.'

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேண்டுமென்றால் மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அக்டோபர் 24

விசாரணை. இயக்குநர், செவிலியர் கண்காணிப்பாளர், நான். எதிரில் ஞானசௌந்தரி சிஸ்டர், சீருடை மடிப்புக் கலையாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

எத்தனை வைத்தீர்கள் என்று இயக்குநர் கேட்டார். முப்பது என்று சட்டென்று பதில் வந்தது. நிச்சயமாகவா? நிச்சயமாங்க சார். அன்று பதினான்கு நோயாளிகள், ஒரே துணைச் செவிலியர், ஒன்பது மணிக்கு ஒரு அவசரம். அந்த நேரத்தில் எதையாவது மாற்றி அழுத்தியிருக்கலாம் அல்லவா? இல்லீங்க. இடையில் பாட்டிலைப் பார்த்தீர்களா? திரையைத்தான் பார்த்தேன், சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. குற்றம் சாட்டுகிற குரலும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

பம்ப் வேகமாகப் போவதாக முன்பே சொன்னீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. நான் பார்த்திருப்பேன், பார்த்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

மூன்றாவது முறை இயக்குநர் கேட்டார், குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய அன்பாக. பம்பில் குறையில்லை என்று பொறியாளர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் மருந்து எப்படித் தீர்ந்தது, நீங்களே சொல்லுங்கள்.

குறையில்லை என்று நான் எழுதவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

ஞானசௌந்தரி சிஸ்டர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா என் கைதானுங்க சார் தப்பு பண்ணியிருக்கோணும்" என்றார். அதைத்தான் எழுதி வாங்கினார்கள்.

அக்டோபர் 25

வேலாத்தாளுக்கு செயற்கை சுவாசத்தை எடுத்துவிட்டார்கள். பேசுகிறாராம். யாரும் சாகவில்லை. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 31

ஞானசௌந்தரி சிஸ்டரை வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அனுபவச் சான்றிதழில் 'கவனக்குறைவு காரணமாக' என்ற வார்த்தை. அதை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும். வார்டில் பயிற்சி மாணவிகள் அழுதார்களாம். நான் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரவில்லை.

நவம்பர் 1

ஒன்றுமில்லை.

நவம்பர் 8

மீதியிருந்த முப்பத்தேழு பம்புகளையும் திருத்திவிட்டேன். எட்டே நாள். இரவல் குடுவைகள் வாங்கி ஒரே நேரத்தில் ஐந்தைந்தாக ஓடவிட்டேன். செப்டம்பரில் இந்த யோசனை ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. பாதிக்கு மேல் வேகமாகத்தான் போயின. ஒன்று மணிக்கு அறுபதுக்கு எழுபத்தெட்டு. யாருக்கு எதை மாட்டியிருந்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

முப்பத்தொன்றை மட்டும் தொடவில்லை. அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை நான்.

நவம்பர் 14

கோமதி கேட்டாள், உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை, வேலை அதிகம் என்றேன். வேலை அதிகமாக இருந்தால் நீ சத்தம் போடுவாய், இப்படி இருக்கமாட்டாயே என்றாள். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒளிப்பது லேசில்லை. ஆனாலும் ஒளித்தேன்.

ஞானசௌந்தரி சிஸ்டர் பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாராம். சான்றிதழைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறோம் என்றார்களாம். கனகசபை சொன்னார்.

நவம்பர் 21

வெளிநோயாளிகள் பிரிவுத் தாழ்வாரத்தில் ஒரு அம்மாள் கையில் கொய்யாப் பழப் பையுடன் என்னை மறித்தார். என் சட்டையில் ஆஸ்பத்திரி பேட்ஜ் இருந்ததுதான் காரணம். பெயர் வேலாத்தாள் என்றார். மெலிந்திருந்தார், மற்றபடி நன்றாக நடந்தார். அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டரம்மா எங்கே, வார்டில் கேட்டால் இல்லை என்கிறார்கள், பழம் கொடுக்கவேண்டும் என்றார். தினமும் தலை வாரிவிடுவாராம்.

வேலையை விட்டுப் போய்விட்டார் என்றேன். ஏன் என்று கேட்டார். அந்த அம்மாளே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு நடந்தது என் தப்புங்க. பாட்டிலு மளமளன்னு எறங்கறத பாத்துட்டேதான் படுத்திருந்தனுங்க. சீக்கிரம் தீந்தா சீக்கிரம் ஊட்டுக்கு உட்டுருவாங்கன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். அவுங்க கிட்ட சொல்லியிருந்தா ஒரு பொல்லாப்பும் இல்லீங்களே."

பழப் பையை என் கையில் கொடுத்து, அந்த சிஸ்டரைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கதவைச் சாத்தினேன். அந்த சிஸ்டர் தன் கைமேல் பழி போட்டுக்கொண்டார். சாகக் கிடந்த அம்மாள் தன் வாய்மேல் போட்டுக்கொள்கிறார். ஆளாளுக்கு என் குற்றத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் வெட்கங்கெட்டவன். இதை எழுதும்போது அழுகிறேன்.

நவம்பர் 22

சொல்லிவிடுவது என்று முடிவு. எல்லாவற்றையும்.

நவம்பர் 23

முப்பத்தொன்றைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். சார், அரை மணி நேரம் வேண்டும், பேசாமல் பாருங்கள் என்றேன். அவர் மேஜைமேலேயே நீலப் பெட்டிக் குழாயைப் போட்டு, அறுபது வைத்து, குடுவையை வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் கோப்பு பார்த்தார். அப்புறம் கோப்பை மூடிவிட்டுக் குடுவையையே பார்த்தார். அரை மணியில் நாற்பத்திரண்டு.

நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான். ஞானசௌந்தரி சிஸ்டரின் பெயரை இரண்டு முறை சொன்னார். அப்புறம் கேட்டார், இதை எப்போது கண்டுபிடித்தீர்கள்.

அந்தக் கேள்விக்கு நேற்றிலிருந்து தயாராக இருந்தேன். அக்டோபர் 19 என்று சொல்வதாகத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "இந்த வாரந்தான் சார்" என்று வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தானாகவே நடந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு குழாய் மாறியிருக்கும் என்று அவராகவே சொன்னார். குழாய் மாறியது அதற்கு மூன்று வாரம் முன்னால். நான் தலையாட்டினேன். மாறினால் இப்படி ஆகும் என்று கம்பெனிக்காரன் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும் என்றார். அதற்கும் ஆட்டினேன். மற்ற பம்புகள் எப்படி என்றார். எல்லாவற்றையும் திருத்திவிட்டேன் என்றேன். எப்போது என்று கேட்கவில்லை. எழுந்து வந்து தோளில் தட்டினார்.

சிஸ்டரைத் திரும்ப எடுக்கிறார்கள். சம்பளத்தோடு, சான்றிதழை ரத்து செய்து. பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டலாம் என்று புதுச் சுற்றறிக்கையும் வரும். நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை என்றார்.

நவம்பர் 26

தாராபுரம் ரோட்டில் ஆறு கிலோமீட்டர், சர்ச்சுக்குப் பின் தெரு. ஞானசௌந்தரி சிஸ்டர்தான் கதவைத் திறந்தார். சீருடையில்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. சின்னவராகத் தெரிந்தார். கணவர் தேவசகாயம் பஸ் கண்டக்டர், இன்று ஓய்வு நாள். பன்னிரண்டாவது படிக்கும் மகள். உட்காருங்கள் சார், உட்காருங்கள் என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

கொய்யாப் பழம் அழுகிவிட்டது என்பதால் வழியில் வேறு வாங்கிப் போனேன். வேலாத்தாள் கொடுத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். எழுந்து நன்றாக நடக்கிறாரா என்று அதைத்தான் முதலில் விசாரித்தார்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். பம்ப்தான் தவறு, மணிக்கு முப்பதுக்கு நாற்பத்திரண்டு போயிருக்கிறது, நீங்கள் வைத்தது சரி. உத்தரவுக் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தை வாங்கவில்லை.

"நா முப்பதுதான் வெச்சனா சார்?" என்றார்.

முப்பதுதான் என்றேன்.

அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். தேவசகாயம்தான் என்னிடம் பேசினார். இந்த ஒரு மாதமாக வீட்டில் குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டேனா என்று மகளிடம் இரண்டு முறை கேட்பாராம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாராம். மகள் நர்சிங் படிக்கிறேன் என்று ஐந்தாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். என் கையே எனக்கு நம்பிக்கையில்லை, நீ அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஞானசௌந்தரி சிஸ்டர் கேட்டார். "உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

வேவு பார்க்கிற கேள்வியில்லை. நடந்ததை வரிசையாகத் தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். விசாரணை முடிந்த இந்த முப்பத்து மூன்று நாளில் உண்மை எங்கே இருந்தது என்று தெரியவேண்டும் அவருக்கு. என் அலமாரியில் இருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவர் கையைத் திருப்பிப் பார்த்தபோது நான் எதிரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வாரந்தான் சிஸ்டர்" என்றேன்.

அவர் தேவசகாயம் பக்கம் திரும்பினார். "பாருங்க, தெரிஞ்ச ஒடனே சார் ஓடியாந்துட்டாரு. வேற ஆளா இருந்தா மெசினு பேரு கெட்டுப்போயிருமுன்னு மூடி மறைச்சிருப்பாங்க. ஒட்டுன ஸ்டிக்கரு அவரு கையெழுத்து. அப்படியும் சொல்லியிருக்காரு."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். மகள் காப்பி டம்ளரை நீட்டினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. அந்தப் பெண்ணின் முன்னால் என்னால் முடியவில்லை. காப்பியை வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது தேவசகாயம், ஜெபம் பண்ணி அனுப்புவதுதான் எங்கள் வீட்டு வழக்கம், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே சார் என்று கேட்டார். இல்லை என்றேன். நான்கு பேரும் நின்றோம். மற்றவர்கள் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். வீட்டுக்காக, மகளின் படிப்புக்காக, வேலாத்தாள் அம்மாளின் சுகத்துக்காக வேண்டினார். பிறகு என் பெயரைச் சொன்னார். "கர்த்தாவே, உண்மையை ஒரு நாளும் ஒளிச்சு வைக்காத இந்த நல்லசிவம் சாருக்காக ஸ்தோத்திரம். இவரு கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும். இவரு பிள்ளைகளுக்கும் இதே நெஞ்சத்தைத் தாரும்."

ஆமென் என்றார் ஞானசௌந்தரி சிஸ்டர். ஆமென் என்றாள் மகள். அப்புறம் யாரும் கண்ணைத் திறக்கவில்லை. எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

ஆமென் என்றேன்.